விற்ற விலை யாருடைய சொத்து?

2018 அக்டோபருக்கு முன் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீடு தேடிய ஒருவர், அதே தெருவில் போன மாதம் கைமாறிய வீடு எவ்வளவுக்குப் போனது என்று அறிய விரும்பினால் முகவரைத்தான் கேட்கவேண்டும். முகவர் அந்த விலையை நேரில் சொல்லலாம், தொலைநகலில் அனுப்பலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். ஆனால் தன் வாடிக்கையாளர் மட்டும் கடவுச்சொல் போட்டு நுழையும் இணையத்தளத்தில் அதைக் காட்டக்கூடாது. தகவலும் ஒன்றுதான், அதைப் பெறுபவரும் ஒருவர்தான். இணையம் என்ற வழிக்கு மட்டும் தடை.

தடையை விதித்தது ரொறன்ரோ ரியல் எஸ்டேட் போர்ட். அன்று 40,000-க்கும் மேற்பட்ட முகவர்கள் அதன் உறுப்பினர்கள். விற்பனைக்கு வரும் வீடுகளை முகவர்கள் பதியும் அதன் எம்.எல்.எஸ் தரவுத்தளத்தைத் தொடாமல் இந்த நகரத்தில் வீடு விற்கும் தொழில் செய்வது நடைமுறையில் நடக்காத காரியம். விற்ற விலையோடு, கையெழுத்தாகி இன்னும் முடிவடையாத விற்பனைகள், விற்காமல் திரும்பப் பெற்ற அல்லது காலாவதியான லிஸ்டிங்குகள், வாங்குபவரின் முகவருக்குப் போகும் கமிஷன் எல்லாமே இணையத்துக்கு மறுக்கப்பட்டன. பேரம் பேசப் போகிறவருக்கு இவைதான் மிகவும் தேவையானவை. ஒரு வீடு போன வருடம் இரண்டு முறை சந்தைக்கு வந்து விலைபோகாமல் திரும்பியது என்று தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே விலையைச் சொல்லமாட்டார்கள்.

2011 மே மாதம் கனடாவின் போட்டிப் பணியகம் இதைப் போட்டித் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. வழக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2013இல் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2016இல் தீர்ப்பாயம் போர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017 டிசம்பர் 1 அன்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018 ஆகஸ்ட் 23 அன்று கனடிய உச்ச நீதிமன்றம் போர்டின் மனுவை ஏற்க மறுத்தது. இன்று நீங்கள் ஓர் இணையத்தளத்தில் கணக்குத் திறந்து பக்கத்து வீட்டின் விற்ற விலையைப் பார்ப்பது இந்த வழக்கின் பலன்.

போர்ட் தன் தரப்பில் வைத்த வாதங்களில் இரண்டை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். முதலாவது தனியுரிமை. வீட்டுக்காரரின் அந்தரங்கத்தைக் காக்கவே தடை என்றார்கள். தீர்ப்பாயம் அதை நம்பவில்லை. மின்னஞ்சலில் போகலாம், இணையத்தளத்தில் போகக்கூடாது என்றால் அங்கே காக்கப்படுவது யாருடைய அந்தரங்கம்? தவிர, ஒன்ராறியோவில் கைமாறும் வீட்டின் விலை காணிப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம்.

இரண்டாவது பதிப்புரிமை. தரவுத்தளம் எங்கள் படைப்பு, அதை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பது எங்கள் விருப்பம் என்றது போர்ட். கனடாவில் ஒன்று பதிப்புரிமை பெறவேண்டுமென்றால் அதில் ஆக்கியவரின் திறமையும் தீர்மானமும் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் வகுத்திருந்தது. எம்.எல்.எஸ்ஸில் நடப்பது என்ன? முகவர் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். அநேகமாக அந்தக் கணமே அது தரவுத்தளத்தில் தோன்றுகிறது. அறைகள் எத்தனை, காணி எவ்வளவு, வரி எவ்வளவு என்று எல்லா ஊர் போர்டுகளும் கேட்கும் கேள்விகள்தான் அங்கும். இது இயந்திரத்தனமான தொகுப்பு, இதில் பதிப்புரிமைக்குப் போதிய படைப்புத்தன்மை இல்லை என்பதே முடிவு. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. போட்டிச் சட்டம், பதிப்புரிமையை வெறுமனே பயன்படுத்துவதைப் போட்டிக்கு எதிரான செயலாகக் கொள்வதில்லை. ஆனால் போட்டியை முடக்கும் நிபந்தனைகளை அந்த உரிமையோடு சேர்த்துக் கட்டினால் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே பதிப்புரிமை இருந்திருந்தாலும் போர்ட் தப்பியிராது.

விலை, முகவரி, அறை எண்ணிக்கை, சந்தையில் இருந்த நாட்கள் எல்லாம் நடந்ததன் பதிவு. அவை எவருக்கும் சொந்தமில்லை. இதைப் புரிந்துகொண்ட பலர் அடுத்த படியில் தடுக்கி விழுகிறார்கள். தகவல் பொது என்றால் லிஸ்டிங்கில் இருப்பது எல்லாமே பொது என்று நினைத்துவிடுகிறார்கள். அது பெரிய பிழை.

லிஸ்டிங்கில் உள்ள படமும், முகவர் தன் வார்த்தையில் எழுதிய வர்ணனையும், வரைந்த தளவரைபடமும் பதிப்புரிமை உள்ளவை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சென்சுரி 21 நிறுவனத்தின் லிஸ்டிங்குகளை, அன்று ரோஜர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த சூகாசா தளம் தானியங்கி நிரல் கொண்டு அள்ளித் தன் தளத்தில் போட்டது. 2011இல் வந்த தீர்ப்பில், படத்துக்கும் வர்ணனைக்கும் உரிமை வைத்திருந்த முகவர்களுக்கு 32,000 டொலர் இழப்பீடு கிடைத்தது. தளத்தின் பயன்பாட்டு விதிகளை மீறியதற்காக நிறுவனத்துக்குத் தனியாக 1,000 டொலர். தொகை சிறிது. ஆனால் விதிகள் எழுதியிருக்கும் தளத்துக்குள் ஒரு நிரலை அனுப்பினாலும் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவராகிறீர்கள் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. விற்ற விலை பொதுத் தகவல்தானே என்று ஒரு தளத்தை முழுவதும் சுரண்டி எடுத்துச் செயலி செய்ய நினைக்கும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பதிப்புரிமையில் தப்பலாம், ஒப்பந்த மீறலில் மாட்டுவீர்கள்.

நம்மவர் மத்தியில் அன்றாடம் நடக்கும் மீறல் இதைவிடச் சாதாரணமானது. வீடு மூன்று மாதம் சந்தையில் நின்று விற்கவில்லை. வீட்டுக்காரர் முகவரை மாற்றுகிறார். புதியவர் பழைய லிஸ்டிங்கில் இருந்த படங்களை இறக்கி, மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டு, மறுபடி போடுகிறார். “காசு கொடுத்தது நான்தானே, என் வீட்டுப் படம்தானே” என்கிறார் வீட்டுக்காரர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவரே. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலைக்காக எடுத்தால் அது அவருடைய முதலாளிக்கு. கூலி கொடுத்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு லிஸ்டிங்குக்கான அனுமதி மட்டும். உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. புதிய முகவர் படப்பிடிப்பாளரிடம் அனுமதி வாங்கவேண்டும், அல்லது புதிதாக எடுக்கவேண்டும். பத்திரிகை விளம்பரத்துக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே சட்டம்தான்.

வணிக நோக்கிலான மீறலுக்குக் கனடிய சட்டம் ஒரு படைப்புக்கு 500 டொலர் முதல் 20,000 டொலர் வரை இழப்பீடு வைத்திருக்கிறது. நட்டக் கணக்கு காட்டவேண்டியதில்லை. எண்ணிக்கை கூடினால் நீதிபதி வீதத்தைக் குறைக்கலாம். கார் விற்பனைத் தளங்கள் இரண்டு மோதிய 2017 ஒன்ராறியோ வழக்கில் 1,52,532 படங்களுக்கு, ஒன்றுக்கு 2 டொலர் வீதம் 3,05,064 டொலர் விதிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர் இதைவிட அதிகமான படங்களுக்குக் கேட்டிருந்தார்; தன்னுடையவை என்று நிரூபிக்க முடிந்தவற்றுக்கு மட்டுமே கிடைத்தது. தொழிலாகப் படம் எடுக்கும் தம்பி, தங்கைகள் மூலக் கோப்புகளை அழிக்கவே கூடாது. யார் எடுத்தார், எப்போது, எந்த லிஸ்டிங்குக்கு, எவ்வளவு காலத்துக்கு அனுமதி என்பதை விலைப்பட்டியலிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் படத்தை யாராவது எடுத்துப் போட்டால் முதலில் அந்தப் பக்கத்தைத் திகதியோடு சேமியுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள்; பாதிப் பிரச்சினைகள் அங்கேயே முடியும். அமெரிக்காவில் அறிவித்தல் கொடுத்தால் தளம் படத்தை நீக்கவேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவில் இணையச் சேவை நிறுவனம் உங்கள் அறிவித்தலைப் போட்டவருக்கு அனுப்பவேண்டும். நீக்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பணம் மட்டும் கேட்பதானால் ஒன்ராறியோ சிறு உரிமைகோரல் நீதிமன்றம் போதும். 2025 அக்டோபரிலிருந்து அங்கே 50,000 டொலர் வரை கேட்கலாம். தடையுத்தரவு வேண்டுமென்றால் மேல்நிலை நீதிமன்றத்துக்கோ கூட்டாட்சி நீதிமன்றத்துக்கோ போகவேண்டும், சட்டத்தரணி தேவைப்படும். மீறல் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் செய்யவேண்டும்.

வீடு விற்பவருக்கு இன்னொரு கவலை உண்டு. முகவரிடம் கையெழுத்துப் போடும் லிஸ்டிங் ஒப்பந்தத்தில் தகவல் பயன்பாடு பற்றி ஒரு பத்தி இருக்கும். தரவுத்தளம் போர்டுக்குச் சொந்தம் என்றும், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தகவலைப் பகிரலாம் என்றும் நீங்கள் ஒப்புக்கொள்வது அங்கேதான். சாப்பாட்டு மேசையில் முகவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பத்தியில் நிறுத்துங்கள். விற்ற பிறகு உள்ளறைப் படங்கள் என்னாகும் என்று கேட்டு, நீக்குவதற்கான உறுதியை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இன்னொரு முகவர் உங்கள் வீட்டை அடையாளம் காட்டி விளம்பரம் செய்தால், ஒன்ராறியோ முகவர்களைக் கட்டுப்படுத்தும் ரெக்கோ அமைப்பிடம் முறையிடலாம்.

திருடிய லிஸ்டிங் படங்களால் அதிகம் அடிபடுபவர்கள் புதிதாக வந்திறங்கும் மாணவர்கள். விற்பனைக்கு வந்த வீட்டின் படங்களை மோசடிக்காரர்கள் இறக்கி, பாதி வாடகைக்கு ‘பேஸ்மென்ட்’ என்று விளம்பரம் போடுவார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பலர் கேட்கிறார்கள், முற்பணத்தை இன்றே மின்பரிமாற்றத்தில் அனுப்பு என்பார்கள். படத்தை இணையத்தில் தலைகீழ்த் தேடல் செய்து பாருங்கள். அதே சமையலறை பழைய விற்பனை லிஸ்டிங்கில் வரும். உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்குக் காசு அனுப்பவேண்டாம். ஒன்ராறியோவில் முற்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை ஒன்றுதான். சேத வைப்பு என்று தனியாக வாங்கச் சட்டம் இடம் தராது. ஏமாந்திருந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள், பொலிசிலும் கனடிய மோசடித் தடுப்பு மையத்திலும் பதியுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதுதான் அடுத்த மாணவரை மாட்டவைக்கிறது.

போட்டி பற்றிய சண்டை 2018உடன் ஓயவில்லை. கனடிய ரியல் எஸ்டேட் சங்கம் 2024 ஜனவரியில் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு வீட்டை வெளியில் விளம்பரம் செய்தால் மூன்று நாளுக்குள் எம்.எல்.எஸ்ஸில் போடவேண்டும். வாங்குபவருக்கு எல்லா வீடும் தெரியவேண்டும் என்பது சங்கத்தின் நியாயம். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே லிஸ்டிங்கைச் சுற்றிக்கொள்ள வழி இருக்க, சிறியவை மட்டும் கட்டுப்படுமோ என்பது போட்டிப் பணியகத்தின் சந்தேகம். 2024 அக்டோபரில் பணியகம் நீதிமன்ற உத்தரவு பெற்றுச் சங்கத்திடம் ஆவணங்களைக் கேட்டது. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பின், ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதால் பாதிக்கப்பட்ட தனியார் நிறுவனமும் அனுமதி பெற்றுத் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். அவ்வளவு செலவழிக்க முடியாத சிறு முகவர்கள் பணியகத்தின் தளத்திலேயே முறைப்பாட்டைப் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை.