'எனக்குக் கணக்கு வராது' என்கிறதா உங்கள் குழந்தை?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று தென்னேரி. ஊருக்கும் அதே பெயர்தான். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் இதுபோன்ற ஊர்களில், ஏழு வயதுப் பிள்ளைகூட ஐம்பது ரூபாயோடு கடைக்குப் போய், சாமான் வாங்கி, மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக்கொண்டு வந்துவிடும். அதே பிள்ளையிடம், "உனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு "வராது" என்று சொல்லும்.

கடையில் செய்ததும் கணக்குதான் என்று அதனிடம் யாரும் சொன்னதில்லை! 'எனக்கு வராது' என்று சின்ன வயதிலேயே முடிவுகட்டிவிடும் குழந்தை, முயற்சி செய்வதையே விட்டுவிடக்கூடும். அதுதான் கவலைக்குரிய விஷயம்.

ஏணியில் என் படி எது?

தன்னால் என்ன முடியும் என்பதைக் குழந்தை தானே பார்த்துத் தெரிந்துகொள்ள, தமிழகப் பள்ளிகளில் ஒரு வழி செய்யப்பட்டது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் இதை முன்னெடுத்தார். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறைதான் முன்மாதிரி. 2007-ல் இது மாநிலம் முழுவதும் பரவியது.

பாடங்கள் சிறுசிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணி போன்ற அட்டையில் படங்களோடு இருந்தன. குழந்தை தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துச் செய்து முடித்து, அடுத்த படிக்குப் போனது. காய்ச்சலில் நான்கு நாள் வராவிட்டாலும் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. நேற்று எந்தப் படியில் நின்றோம், இன்று எங்கே ஏறியிருக்கிறோம் என்பது குழந்தைக்கே தெரிந்தது.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்றுதான் பெயர். 'மக்கு' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

பாராட்டிலும் கவனம் தேவை

குழந்தையை எப்போதும் புகழ்ந்துகொண்டிருந்தால் போதுமா? போதாது. அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா மியூல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று பாராட்டப்பட்டவர்களோ விடாமல் முயன்றார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 'சமத்து' என்று பொதுவாகச் சொல்லாமல், செய்த செயலைச் சொல்லுங்கள். "தம்பி அழுதப்போ கதை சொல்லிச் சிரிக்க வெச்சியே, அது நல்லா இருந்துச்சு."

* படுக்கப் போகும்முன், "இன்னிக்கு எது உனக்குச் சுலபமா வந்துச்சு? எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாமல் காதுகொடுத்துக் கேளுங்கள்.

* ஆறு மாதத்துக்கு முந்தைய நோட்டை எடுத்து, இன்றைய கையெழுத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டு வேண்டாம்.

* செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோழிக்குத் தீனி போடுவது என ஒரு பொறுப்பைக் கொடுங்கள். சற்றுக் கோணலாகச் செய்தாலும் உடனே வாங்கி நீங்களே செய்துவிடாதீர்கள்.

அடுத்தமுறை பிள்ளை கடையிலிருந்து சில்லறையோடு திரும்பும்போது, "ஐம்பதுல முப்பத்திரண்டு போக மீதி பதினெட்டு. நீ போட்டது கழித்தல் கணக்குதானே?" என்று சொல்லிப் பாருங்கள். 'வராது' என்று நினைத்தது ஏற்கெனவே தன் கையில் இருப்பது அப்போது அதற்குப் புரியும்.