நட்சத்திர ஒளி சொல்லும் தூசு இரகசியம்

புகைமூட்டக் காலத்தில் கோலா பிலா தோட்டப்புறங்களில் மாலைச் சூரியன் மங்கிச் சிவந்து தெரியும். சூரியனா மாறிவிட்டது? இடையில் இருக்கும் தூசும் புகையும் செய்யும் வேலை அது. நட்சத்திரங்களுக்கு இடையிலும் இப்படித் தூசு உண்டு.

ஒரு நட்சத்திரம் தொலைவில் இருப்பதால் மங்கலா, தூசு மறைப்பதால் மங்கலா? இது தெரியாவிட்டால் பிரபஞ்சத்தின் தூரக் கணக்கே பிசகிவிடும்.

இங்கே கைகொடுப்பது ஒளியின் ‘தளவிளைவு’. சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்து வரும். ஒரு திசை அதிர்வு மேலோங்கினால் அதுவே தளவிளைவு. கண் கூசாமல் இருக்க வாகனமோட்டிகள் அணியும் போலராய்டு கண்ணாடியும் ஒரு திசை அதிர்வைத்தான் தடுக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், வெப்பம் மிகுந்த நட்சத்திரத்தின் விளிம்பு ஒளியில் தளவிளைவு இருக்கும் என்று 1946-இல் கணித்தார். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களில் அதைத் தேடினார்கள், ஹில்ட்னர், ஹால் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள். 1949-இல் வெளிவந்த முடிவு வேறாக இருந்தது. மறைப்பு நேரம் ஆனாலும் இல்லாவிட்டாலும் தளவிளைவு மாறவில்லை! அப்படியானால் அது நட்சத்திரத்தில் பிறந்ததல்ல. வழியில் கிடந்த தூசில் பிறந்தது.

நீளவடிவத் தூசுத் துகள்களைக் காந்தப்புலம் ரப்பர் நிரைபோல ஒரே வாக்கில் நிறுத்துகிறது. அவை தம் நீளவாக்கில் அதிரும் ஒளியை அதிகமாகத் தடுக்கின்றன. அந்தத் தளவிளைவைக் கொண்டே காந்தப்புலத்தின் வலிமையை மதிப்பிடும் வழியை 1953-இல் சந்திரசேகரும் என்ரிக்கோ ஃபெர்மியும் வகுத்தார்கள்.

வேறு விண்மீன் மண்டலத்துத் தூசை எப்படி அறிவது? அங்குள்ள நட்சத்திரங்கள் தனித்தனியே மிக மங்கல். 1986-இல் அதற்கொரு விளக்கு கிடைத்தது. 1 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள சென்டாரஸ் ஏ மண்டலத்தின் தூசுப்பட்டையில் ஒரு நட்சத்திரம் வெடித்தது.

தளவிளைவு எந்த நிறத்தில் உச்சம் தொடுகிறதோ, அது துகளின் பருமனைக் காட்டும். நம் பால்வீதியில் சராசரியாக அது பச்சை நிறப் பகுதி. சென்டாரஸில் அது நீலப் பக்கம் நகர்ந்திருந்தது. அங்குள்ள துகள்கள் சிறியவை என்று பொருள். 2014-இல் எம்82 மண்டலத்தில் தெரிந்த வெடிப்பில் உச்சம் இன்னும் தள்ளி ஊதாப் பக்கம் இருந்தது.

இத்தகைய வெடிப்புகளை வைத்துத்தான் பிரபஞ்சத்தின் தூரங்கள் அளக்கப்படுகின்றன. எல்லா ஊர்த் தூசும் ஒன்றென்று எண்ணினால் அளவுகோலே தவறிவிடும். மே மாத முன்னிரவில் கோலா பிலாவின் தென்வானில் சென்டாரஸ் நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்தத் திசையில்தான், கண்ணுக்கு எட்டாத தொலைவில், அந்தத் தூசுப்பட்டை இருக்கிறது.