'பாஸ்வேர்டு சரியாத்தானே போட்டேன்!' - வீட்டிலிருந்து ஆபீஸ் சிஸ்டம் திறக்காவிட்டால் என்ன செய்யலாம்?

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் மணி. அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டின் மாடியறை. வேலை சென்னையில் இருக்கும் ஐ.டி. நிறுவனத்தில், பார்ப்பது சொந்த ஊரிலிருந்து. ஒன்பது மணிக்கு மீட்டிங். விரல்ரேகை வைத்ததும் லேப்டாப் திறந்துவிட்டது. ஆனால், ஆபீஸ் சிஸ்டத்துக்குள் போக முடியவில்லை. 'பாஸ்வேர்டு தவறு' என்கிறது திரை. மறுபடி அடிக்கிறார். மறுபடியும் தவறு.

கீழேயிருந்து அம்மாவின் குரல்: "ஏல, தோச ஆறிப்போவுது. இன்னுமா அந்தப் பொட்டி தெறக்கல?"

மூன்றாவது முறை அடிக்க விரல் போகிறது. அங்கேதான் நிறுத்த வேண்டும். சில முறை தவறினால் கணக்கையே பூட்டிவிடும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. பிறகு, ஐ.டி. பிரிவு திறந்துவிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அரை நாள் சம்பளம்கூடப் போகலாம்.

2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கு, ஆபீஸ் வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தது. பலர் ஊர் திரும்பினார்கள். சென்னையில் சிஸ்டம் மக்கர் செய்தால் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்கலாம். ஊரில் நாமேதான் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே சில கதவுகள்தான். எது திறக்கவில்லை என்று வரிசையாகப் பாருங்கள்.

முதல் கதவு: வீட்டு இன்டர்நெட்

ஏதாவது ஒரு செய்தித் தளம் லேப்டாப்பில் திறக்கிறதா? இல்லையென்றால், மோடத்தை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் வரவில்லையா? மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். அதில் வந்தால், கோளாறு பிராட்பேண்டில்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல இடங்களில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போயின. மழைக்காலத்தில் மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ்., வேறு கம்பெனி சிம் ஒன்று - இரண்டும் கையில் இருப்பது நல்லது.

இரண்டாவது: வி.பி.என்.

ஆற்றில் தண்ணீர் ஓடினாலும், மடை திறந்தால்தான் வயலுக்குப் பாயும். இன்டர்நெட் ஆறு என்றால், வி.பி.என். அந்த மடை. அது இணையாவிட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாது. எனவே, திரையில் வரும் வாசகத்தை நன்றாகப் படியுங்கள். 'இணைக்க முடியவில்லை' என்றால் பெரும்பாலும் பாதையில் சிக்கல். 'தவறு' என்றால் பாஸ்வேர்டில் சிக்கல்.

மூன்றாவது: பாஸ்வேர்டு

கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா, கீபோர்டு தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் இது பிடிபடாது. நோட்பேடில் இரண்டு எழுத்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம்: சனிக்கிழமை செல்போனில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். ஆபீஸ் சர்வருக்குப் புதியது தெரியும். லேப்டாப்போ பழையதையே நினைவில் வைத்திருக்கும். லேப்டாப்பைப் பழைய பாஸ்வேர்டில் திறந்து, வி.பி.என்னைப் புதியதில் இணையுங்கள். பிறகு விண்டோஸ் பட்டனையும் 'எல்' பட்டனையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டி, புதியதைப் போட்டுத் திறங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான்காவது: ஓ.டி.பி. ஆப்

செல்போன் ஆப்பில் வரும் ஆறு இலக்க எண், வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். அது கடிகாரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. செல்போன் நேரம் சில நிமிடங்கள் பிசகினாலே எண் செல்லாது. செட்டிங்ஸில் நேரத்தைத் 'தானியங்கி' என்று வையுங்கள்.

ஐந்தாவது: அந்தப் பக்கக் கம்ப்யூட்டர்

ஆபீஸ் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால், இங்கிருந்து கூப்பிட்டாலும் பெரும்பாலும் எழாது. ஐ.டி. பிரிவின் அனுமதியோடு, ஊருக்குக் கிளம்பும் முன்பே ஸ்லீப் வசதியை நிறுத்திவைக்கலாம்.

அவசரத்தில் ஏமாறாதீர்கள்!

தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைச் சரிசெய்ய நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. அம்பைக்குப் பக்கத்து மாவட்டமான தென்காசியில், மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனமே 'சோஹோ அசிஸ்ட்' என்ற ஒன்றைத் தருகிறது. ஆனால், சாவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பதற்றத்தில் 'ஹெல்ப் டெஸ்க் நம்பர்' என்று கூகுளில் தேடினால், மோசடிப் பேர்வழியின் எண்ணும் வரலாம். "ஒரு ஆப் போடுங்க சார், அதில் வர்ற ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லுங்க" என்பார். சொல்லி அனுமதித்தால் திரையே அவர் கைக்குப் போய்விடும். இத்தகைய ஆப்கள் மூலம் வங்கிப் பணம் திருடப்படுவது பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஆபீஸில் கொடுத்த எண்ணை மட்டுமே அழையுங்கள். அந்த எண்ணை லேப்டாப்பில் அல்ல, டைரியில் எழுதிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஐ.டி. பிரிவை அழைக்கும்போது, "திறக்கல" என்று மட்டும் சொல்லாதீர்கள். திரையில் வந்த வாசகத்தின் போட்டோ, நேரம், எந்த இன்டர்நெட் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சரி, அந்த மாடியறையில் என்ன ஆனது? முந்தின இரவு, அக்கா மகளின் காதுகுத்துப் பத்திரிகையை அந்த லேப்டாப்பில்தான் அடித்துக் கொடுத்திருந்தார். கீபோர்டு தமிழிலேயே நின்றிருக்கிறது! மாற்றினார், திறந்துவிட்டது.

மணி எட்டு ஐம்பத்தைந்து. தோசைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.