உரைகல்லில் பழைய ஹாஸ்யம்

சோக நாடகத்துக்கு முதுமை எளிதில் வருவதில்லை. ஹாஸ்யத்துக்கோ ஒரு தலைமுறை கழிவதே போதுமானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துக்கம் எக்காலத்தவர்க்கும் விளங்கும். எதைக் கண்டு சிரிக்கலாம், யாரைக் கண்டு சிரிக்கலாம் என்பதையோ சமூகம் ஓயாமல் மாற்றிக்கொண்டே வருகிறது. இதைப் பரீட்சித்துப் பார்க்க, 1960, 70களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர்களைவிடத் தகுந்த பொருள் வேறில்லை. சாம்ராஜ்யம் கலைந்து, அதன் பழைய பிரஜைகள் கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் குடியேறி அண்டை வீட்டாராகிவிட்ட அந்த வருஷங்களில், ஆங்கில ஜனங்களின் உள்ளத்தில் இருந்த அச்சமும் அகந்தையும் கூச்சமும் அத்தொடர்களில் ஒளிவுமறைவின்றிப் பதிவாகியிருக்கின்றன.

ஜானி ஸ்பைட் எழுதி 1966இல் பி.பி.சி.யில் தொடராகத் தொடங்கிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்' அவற்றுள் முதன்மையானது. அதன் நாயகன் ஆல்ஃப் கார்னெட், கிழக்கு லண்டன் தொழிலாளி, மகாராணியின் பக்தன், கறுப்பர், யூதர், பெண்கள், தொழிற்கட்சியினர் என்று ஒருவரையும் விடாமல் வசைபாடுகிறவன். துவேஷத்தின் மடமையை அம்பலப்படுத்துவதே ஆசிரியரின் உத்தேசம். ஆல்ஃபாக நடித்த வாரன் மிட்செலே ஒரு யூதர். ஆனாலும் நாட்டில் கணிசமானவர்கள் அவனைத் தங்கள் மனத்தில் உள்ளதைத் துணிந்து பேசும் வீரனாகவே பாவித்தார்கள். இந்தப் பழியை ரசிகர்களின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். ஆல்ஃப் ஏசுகிற மனிதர்கள் பெரும்பாலும் அவன் வீட்டுக் கூடத்தில் இருப்பதில்லை. அவனை எதிர்த்து வாதாடுகிறவன் வெள்ளைக்கார மருமகன். வேடிக்கையான வசனங்களோ ஆல்ஃபின் வாயிலேயே வருகின்றன. இழிவுபடுத்தப்படுகிறவனுக்குப் பதில் சொல்ல இடமே வைக்காத ஹாஸ்யம், எத்தனை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், எழுதியவனின் கைக்கு அடங்காமல் போய்விடுகிறது.

இந்தியாவைக் களமாகக் கொண்ட 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' நம்மவர் கவனத்துக்கு விசேஷமாக உரியது. 1974 முதல் 1981 வரை வந்த இத்தொடர், இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில் தேவ்லாலி முகாமில் இருந்த ராணுவ நாடகக் குழுவின் கதை. அதை டேவிட் கிராஃப்டுடன் சேர்ந்து எழுதிய ஜிம்மி பெரி, அந்த முகாமில் உண்மையாகவே பணிபுரிந்தவர். ஆங்கிலேயரைக் காட்டிலும் தன்னைப் பெரிய ஆங்கிலேயனாக எண்ணிக்கொள்ளும் ரங்கி ராம் என்ற பணியாளனாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ். அவர் ஜான்ஸியில் பிறந்தவர், இந்துஸ்தானி அறிந்தவர், எனினும் வெள்ளையர். முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். ரங்கி ராமின் பாத்திரத்தில் சாமர்த்தியம் இருக்கிறது, அவனைப் படைத்தவர்களுக்கு அவனிடம் பிரியமும் இருக்கிறது. இவற்றை மறுப்பது அநீதி. ஆயினும் டினோ ஷஃபீக் போன்ற கீழ்நாட்டு நடிகர்கள் தேநீர்க்காரனாகவும் பங்கா இழுப்பவனாகவும் பக்கத்திலேயே நிற்க, இந்தியர்களில் தலைமையான பாத்திரம் சாயம் பூசிய ஒருவருக்குப் போயிற்று என்பதைக் காணும்போது, இன்று சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பி.பி.சி. இதை மறு ஒளிபரப்புச் செய்வதில்லை.

1977இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்க்வேஜ்' தொடரின் கதை இதனினும் சிக்கலானது. லண்டனில் மாலை நேர ஆங்கில வகுப்பு. சீக்கியர், பாகிஸ்தானியர், ஜப்பானியர், இத்தாலியர் என்று மாணவர்கள். அவர்களுடைய உச்சரிப்பும் பழக்கங்களுமே பரிகாசத்துக்குப் பொருள். ரசிகர் கூட்டம் பெரிதாக இருந்தபோதே, இது இனங்களை அவமதிப்பது என்று கருதி, அதை ஒளிபரப்பிய நிறுவனத்தின் நிர்வாகி மைக்கேல் கிரேட் அதை நிறுத்தினார். ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் அதை ஜனங்கள் மனமாரக் கொண்டாடினார்கள். சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். நம்முடைய நாட்டில் நாமே பெரும்பான்மையாக அமர்ந்து அந்தச் சீக்கியப் பாத்திரத்தின் தலையாட்டலைக் கண்டு சிரித்துவிட்டு எழுந்து போய்விடலாம்; மறுநாள் லீட்ஸில் பள்ளிக்கூடம் போன சீக்கியச் சிறுவனுக்கோ அந்தத் தலையாட்டலைத் தன்முன் செய்துகாட்டும் சகமாணவர்கள் காத்திருந்தார்கள். நம் ரசனையைச் சாட்சியாகக் காட்டி அத்தொடருக்கு விடுதலை கேட்பவர்கள் அந்தச் சிறுவனையும் விசாரிக்க வேண்டும்.

இத்தொடர்களில் மூப்பே தட்டாதது 'ஃபால்ட்டி டவர்ஸ்'. 1975லும் 1979லுமாக மொத்தம் பன்னிரண்டே பாகங்கள். ஸ்பானியப் பணியாள் மானுவேல் அடி வாங்குகிறான், மொழி தெரியாமல் திகைக்கிறான். எனினும் அவனிடம் நேர்மையும் உற்சாகமும் உண்டு. நகைப்புக்கு இலக்காவதோ அவனை அடிக்கும் விடுதிக்காரர் பேசில்தான். மானுவேலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ், 1938இல் நாஜிகளுக்குத் தப்பிப் பெர்லினிலிருந்து குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்த சிறுவன். ஜெர்மானிய விருந்தினர் வரும் பாகத்தில், கிரிக்கெட் பார்க்கப் போன கதையைச் சொல்லும் கிழட்டு மேஜர், ஒரு பெண்மணி இந்தியர்களைக் குறித்துச் சொன்ன இழிசொல்லைத் திருத்துவதாக எண்ணி இன்னோர் இழிசொல்லைச் சொல்கிறார். 2013இல் பி.பி.சி. அச்சொற்களை வெட்டி ஒளிபரப்பியது. 2020இல் அந்தப் பாகமே இணையச் சேவையொன்றிலிருந்து நீக்கப்பட்டு, சில நாட்களில் எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப வந்தது. குறிப்போடு முழுமையாகக் காட்டுவதே சரியென்று நான் உறுதியாக நம்புகிறேன். அச்சொற்களை அழித்துவிட்டால், கண்ணியமான விடுதியின் கூடத்தில் அவற்றைக் குரல் தாழ்த்தாமல் சொல்ல முடிந்தது என்ற சரித்திரமும் அவற்றோடு அழிந்துபோகும்.

இழிவுபடுத்தப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லும் இடம் பிறர் தந்து வரவில்லை. 1998இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'யில் மீரா சியாலும் சஞ்ஜீவ் பாஸ்கரும் அவர்களுடைய தோழர்களும் தாங்களே எழுதி நடித்தார்கள். அதில் ஒரு காட்சி: பம்பாயில் குடித்துவிட்டு ஆங்கில உணவு விடுதிக்குள் புகும் இந்திய இளைஞர்கள், வெள்ளைக்காரப் பரிமாறுநரின் பெயரைச் சிதைத்து அழைத்து, உப்புச் சப்பற்ற பண்டம் எதுவோ அதையே கொண்டுவரச் சொல்லி வீம்பு பேசுகிறார்கள். பிரிட்டனின் கறி விடுதிகளில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் நடந்ததை அப்படியே புரட்டிப் போட்ட அந்தக் காட்சியை வெள்ளையர்களும் தங்களை அடையாளம் கண்டுகொண்டு ரசித்தார்கள்.