நாலுகால் உறவு – 11: வால் எந்தப் பக்கம்?

குட்டியை எப்போது வெளியே அழைத்துப் போகலாம், அதற்குள் என்னென்ன ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் போன வாரமே ஆயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம், நாயோடு விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்து வரும் நாய்ச் சண்டையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் தட்டுவரை போவதற்குள், வாசலிலேயே காரியம் கெட்டுவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நடை, அதிலும் பாதியை பைக்கும் தண்ணீர்க் குடங்களும் பிடித்துக்கொண்டிருக்கும். கதவோரம் அந்த வீட்டு நாய் கட்டிக் கிடக்கிறது. எட்டு மாத லேப்ரடார் ஒன்று செயினை இழுத்துக்கொண்டு நேருக்கு நேர் வருகிறது. பின்னாலேயே வருகிறவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறார்: “ஒண்ணும் பண்ணாதுங்க, விளையாடத்தான் வருது.” அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கட்டிக் கிடக்கும் நாய் பின்வாங்க நினைத்தால் முதுகுக்குப் பின்னால் சுவர். இப்படிப்பட்ட சண்டைகளில் பெரும்பங்கு ஒதுங்க வழியில்லாததால் வருவது என்பது என் கட்சி. நாயின் குணத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

“வாலை ஆட்டிக்கிட்டுத்தானே இருந்துச்சு?” என்று கேட்பார்கள். இத்தாலியில் குவாரன்டா, சினிஸ்கால்கி, வல்லோர்த்திகாரா என்ற மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத்தான் பதில் சொல்கிறது. 30 நாய்களுக்கு ஒவ்வொன்றாக நான்கு பேரைக் காட்டினார்கள்: எஜமானர், முன்பின் தெரியாத ஒரு மனிதர், ஒரு பூனை, அறிமுகமில்லாத முரட்டு நாய் ஒன்று. எஜமானரைக் கண்டதும் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடியது. தெரியாத மனிதருக்கும் வலப்பக்கம்தான், வீச்சு கொஞ்சம் மட்டு. பூனைக்குக்கூட, பேருக்குத்தான் என்றாலும், வலம்! அந்த முரட்டு நாயைக் கண்டதும் மட்டும் வால் இடப்பக்கம் சாய்ந்தது. மூளையின் வலப்பாதி உடம்பின் இடப்பக்கத்தை ஆள்கிறது. விலகத் தூண்டும் உணர்ச்சிகளும் அந்த வலப்பாதியைச் சேர்ந்தவை என்பது அவர்கள் தரும் விளக்கம். இதோடு விடவில்லை. இடப்பக்கம் வாலாட்டும் நாயின் படத்தை மற்ற நாய்களுக்குப் போட்டுக் காட்டினால், பார்க்கிற நாயின் இதயத் துடிப்பு ஏறுகிறது, பதற்றம் தெரிகிறது என்று 2013இல் அதே குழு எழுதியது. நாம் பார்க்கத் தவறுவதை எதிரே நிற்கும் நாய் படித்துவிடுகிறது. இதை நம்பி வாசலில் நின்று பக்கம் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் பிடிபடும். முதுகின் மேல் சுருண்ட வாலுள்ள நம் நாட்டு நாயிடம் இன்னும் கஷ்டம். வாலாட்டம் ஒன்றை மட்டும் வைத்துச் செயினை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

“நாய்க்கு நாய் தானே பேசித் தீர்த்துக்கும், நாம எதுக்கு நடுவுல?” என்பது அடுத்த வாதம். தெருவில் அது பெரும்பாலும் சரி. அடுத்த தெரு நாய் எல்லை தாண்டினால் உறுமல், குரைப்பு, கொஞ்சம் துரத்தல்; வந்தது வாலை இடுக்கிக்கொண்டு திரும்பி ஓடிவிடும், கதை முடிந்தது. ஓட இடம் இருப்பதால் முடிகிறது. மூன்றடி நடையில், இரண்டு கழுத்திலும் செயினை மாட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதே தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு, வந்திருப்பது விடலை. நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாத வாக்கில் நாய்கள் வளர்ப்பவரின் சொல்லைத்தான் குறிப்பாகக் கேட்காமல் போயின. வேற்றாள் சொன்னால் அந்த அளவு முரண்டு இல்லை. குட்டியாக இருந்தவரை பெரிய நாய்கள் பொறுத்துக்கொண்ட சேட்டைகளுக்கும் இந்த வயதில் சலுகை கிடையாது.

ஆகவே முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். எந்தப் பக்கமும் சேராத பொது இடத்தில் சந்திக்க வையுங்கள் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. நம் தெருவில் பொது இடம் ஏது? டீக்கடை வாசலுக்கும் கம்பெனி கேட்டுக்கும்கூடச் சொந்தக்கார நாய்கள் உண்டு என்று நீங்கள் மடக்கினால், நியாயம்தான். ஆனால் கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் பக்கமெல்லாம் கல் நட்டு, வீடு முளைக்காமல் கிடக்கும் மனைப்பிரிவுகளுக்குக் குறைவில்லை. சோறு போட ஆள் இல்லாத இடத்தில் நாய்களும் அதிகம் தங்காது. வெயில் ஏறுமுன் அங்கே ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து இருபது அடி இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்கலாம். முகத்துக்கு முகம் நிறுத்தக் கூடாது. செயின் தொய்வாக இருக்கட்டும். இரண்டும் தரையை மோந்துகொண்டு தன்பாட்டுக்கு நடக்கத் தொடங்கிய பிறகு நெருங்கலாம். பின்பக்கம் மோந்து பார்க்க இரண்டு மூன்று விநாடி, பிறகு மறுபடி நடை. வீடு திரும்பும்போது வீட்டு நாய் வெளியே காத்திருக்க, விருந்தாளி முதலில் உள்ளே போகட்டும். அப்போது வாசலை மறித்து நிற்க யாரும் இல்லை.

வீட்டு நாய் உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் ஒரு நோட்டீஸ். அதட்டி அடக்கினால் அடுத்த முறை நோட்டீஸ் இல்லாமலே பல் பதியும். அந்த நேரத்தில் எழுந்து போக வேண்டியது விடலையைக் கூட்டி வந்தவர். “அட, உக்காருங்க, அது பழகிடும்” என்று வீட்டுக்காரர் உபசரித்தாலும், ஐந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வருவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தட்டும் மட்டன் எலும்பும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகின்றன. அதுவரை விருந்துக்குப் போகிறவர்கள், அந்த வீட்டு நாயின் கிண்ணத்தைப் பரண்மேல் ஏற்றச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.