பட்டம் பெற்றதும் எம்.பி.ஏ.வா?

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பர் பெரியோர். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று நாங்கள் எண்ணும் வேளை இது. "ஒரு பட்டம், உடனே எம்.பி.ஏ." என்கிறோம் எங்களில் பலர். "வேலை பார்க்காதவளுக்கு நிர்வாகப் படிப்பு எதற்கு?" என்கிறார் அப்பா. "வேலையில் சேர்ந்துவிட்டால் பெண் பிள்ளை மறுபடியும் படிக்கப் போக முடியுமா?" என்கிறார் அம்மா. இருவர் சொல்வதும் நியாயமே.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தியாகராய நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் பயின்றவர் இந்திரா நூயி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தபின், வேலைக்குச் செல்லாமலே கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் சேர்ந்து 1976இல் தேறினார். பின்னர்ச் சென்னையில் ஒரு துணி நிறுவனத்திலும், பம்பாயில் ஜான்சன் அண்டு ஜான்சனிலும் பணியாற்றினார். 1978இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சென்று 1980இல் மற்றொரு நிர்வாகப் பட்டம் பெற்றார். 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக விளங்கினார். அனுபவமின்றி ஒரு படிப்பு, அனுபவத்தோடு ஒரு படிப்பு! வணிகவியல் பிரிவுதான் வேண்டும் என்பதில்லை என்பதும் இதனால் விளங்குகிறது.

நிர்வாகப் படிப்பில் இரு வகை உண்டு. இரண்டாண்டுப் படிப்புக்கு எந்தப் பாடத்திலும் பட்டம் போதும், முன்னனுபவம் கட்டாயமன்று. இந்திய மேலாண்மைக் கழகங்களிலும், அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யிலும் சேர 'கேட்' என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்திற்கு 'டான்செட்' உண்டு. நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்தில் இயேசு சபையினர் 1979இல் தொடங்கிய நிர்வாகக் கல்லூரியும் இருக்கிறது. ஓராண்டுப் படிப்போ பெரும்பாலும் அனுபவசாலிகளுக்கே உரியது. அகமதாபாத்தில் நான்காண்டு அனுபவம் கேட்கிறார்கள்.

அனுபவம் ஏன் வேண்டும்? பள்ளி விழாவில் நாங்கள் எலுமிச்சைச் சாறு விற்றோம். பழத்துக்கும் சர்க்கரைக்கும் கணக்கிட்டு விலை வைத்தோம், ஐஸ்கட்டியை மறந்தோம். நூற்றிருபது ரூபாய் நட்டம்! அடக்க விலை என்றால் என்ன என்பதை இனி நாங்கள் மறப்போமா? வகுப்பில் ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கூறி, "நீ என்ன செய்வாய்?" என்று கேட்கும்போது, பட்டறிவு உள்ளவர் எளிதில் விடை காண்பார். இல்லாதவருக்கு, இரண்டாண்டுப் படிப்பின் இடையே கோடை விடுமுறையில் நிறுவனத்தில் பெறும் பயிற்சியே கைகொடுக்கும்.

ஆகவே, உடனே சேர நினைப்பவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அக்கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் உண்டா? கோடைப் பயிற்சி உண்டா? அனுபவமின்றிச் சேர்ந்த அக்காமார்களுக்குக் கிடைத்த சம்பளத்தில் கல்விக் கடனை அடைக்க முடிகிறதா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் துணிந்து சேரலாம். கிடைக்காவிடில் ஈராண்டு வேலை பார்த்துவிட்டுப் படிப்பதே மேல்.

பெற்றோரே, அப்போதும் எங்களைப் படிக்க அனுப்புவீர்கள் அன்றோ?

— பத்தாம் வகுப்பு மாணவியர்