நீராவிப் படகுக்கு எத்தனை அடி ஆழம் வேண்டும்?

2016-ஆம் ஆண்டு தேசிய நீர்வழிச் சட்டத்தின் பட்டியலில் 111 நீர்வழிகள் இருக்கின்றன. அதில் 75-ஆவது, பாலாறு. வேலூர் விருதம்பட்டுப் பாலத்திலிருந்து சதுரங்கப்பட்டினத்தில் கடலைத் தொடும் இடம் வரை 142 கிலோமீட்டர். காஞ்சிபுரத்துக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அங்குள்ள செவிலிமேடு பாலத்தில் நின்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணுக்கு எட்டுவது மணலும் முள்செடியும்தான். 2021 நவம்பரைப் போல எப்போதாவது இரு கரையும் தொட்டு வெள்ளம் போகும். சில வாரங்களில் வடிந்துவிடும். மற்ற நாளெல்லாம் பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் இந்த வட்டார உழவர்கள். நெல் விளைய அது போதும். படகு மிதக்கப் போதாது.

அதனால்தான் பட்டுத் தறி ஊரான காஞ்சிபுரத்துக்கு நீராவி தண்ணீர் வழியே வரவில்லை, தண்டவாளத்தில் வந்தது. 1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு சிறு ரயில் பாதையைத் திறந்தது. கோதாவரி அணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் அப்போது வேறு கட்சி பேசிக்கொண்டிருந்தார். ரயிலில் கொட்டும் பணத்தைக் கால்வாய்களில் போட்டால் பாசனமும் நடக்கும், சரக்கும் மலிவாகப் போகும் என்பது அவர் வாதம். அந்த வாதம் எடுபடவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரமாக ஓடிய பக்கிங்ஹாம் கால்வாயிலும் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளை நீராவி அல்ல, பெரும்பாலும் பாயும், மூங்கில் கழியும், கரையில் நடந்து கயிறு இழுத்த ஆட்களும்தான் நகர்த்தினார்கள்.

அதே 1865-இல் நீராவிப் படகின் வரலாற்றில் இரண்டு சம்பவங்கள். ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், மெம்பிஸ் நகருக்கு அருகே, ‘சுல்தானா’ படகின் பாய்லர்கள் வெடித்தன. 376 பேரை ஏற்ற அனுமதி பெற்ற அந்தப் படகில், உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு வீடு திரும்பிய வீரர்களோடு சேர்த்து 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கசிந்த பாய்லருக்கு அவசரமாக ஒட்டுப்போட்டுப் புறப்பட்ட பயணம் அது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். இன்னொரு சம்பவம் பர்மாவில்: ஐராவதி ஃபுளோட்டில்லா கம்பெனி தொடங்கியது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய ஆற்றுப் படகுக் கூட்டமாக வளர்ந்த நிறுவனம் அது.

ஆற்றுப் படகுக்கு எஞ்சினின் வலுவைவிட முக்கியம், அது தண்ணீருக்குள் எவ்வளவு முங்குகிறது என்பது. குடம் ஆழமாக அமிழும், தாம்பாளம் மேலாக மிதக்கும். எடையை அகலத்தில் பரப்பினால் ஆழம் குறையும். பாய்லர், விறகு அல்லது நிலக்கரி, தண்ணீர், இரும்புச் சட்டம் என்று பாரமெல்லாம் ஏற்றியும் மணல் திட்டில் தட்டாமல் போக வேண்டுமே! அதனால் அடிப்பாகத்தைத் தட்டையாக்கினார்கள். சுழல் விசிறி முழுதும் நீரில் மூழ்கினால்தான் வேலை செய்யும். துடுப்புச் சக்கரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை; அடிப்பலகைகள் மட்டும் நீரில் தோய்ந்தால் போதும். ஆழமில்லாத ஆறுகளைச் சக்கரப் படகுகள் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது, சாதாரண அழுத்தத்தில், சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கிறது. அந்த நெருக்கல் உருளைக்குள் பிஸ்டனைத் தள்ள, தண்டு சக்கரத்தைச் சுற்றுகிறது. ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு 1807-இல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டரை 32 மணி நேரத்தில் கடந்தது இந்த முறையில்தான்.

பதினாறே ஆண்டுகளில் நீராவிப் படகு கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. கிதிர்பூரில் கட்டிய ‘டயானா’ 1823-இல் நீரில் இறங்கியது. அடுத்த ஆண்டே முதல் பர்மியப் போருக்காக ஐராவதி ஆற்றுக்குப் போனது. காற்றும் நீரோட்டமும் எதிர்த்தாலும் பாய்க்கப்பல்களை இழுத்துக்கொண்டு முன்னேறிய அந்தச் சிறு படகு பிரிட்டிஷ் படைக்குப் பெரிதும் உதவியது. 1834-இல் கங்கையில் ‘லார்ட் வில்லியம் பென்டிங்க்’ ஓடத் தொடங்கியது. லண்டனில் செய்த இரும்புத் துண்டுகளைக் கப்பலில் கொண்டுவந்து கல்கத்தாவில் பூட்டிய படகு. தண்ணீருக்குள் அது இறங்கியது சுமார் இரண்டே அடி. பயணிகளின் அறைகளைப் பின்னால் கட்டி இழுத்த தனிப் படகில் வைத்தார்கள். எடை இரண்டு படகுகளுக்குப் பிரிந்துவிடும். முகப்பில் ஒருவர் மூங்கில் கழியை நீரில் விட்டு ஆழத்தைக் கூவிச் சொல்லிக்கொண்டே வருவார். நேற்று வழியாக இருந்த இடம் இன்று மணல் மேடாகலாம்.

1860-களில் ரயில் வந்ததும் கங்கையின் மேல்பகுதியில் அந்தப் படகுகளுக்கு வேலை குறைந்தது. ஐராவதியிலோ அவை கொடிகட்டிப் பறந்தன. தமிழர்களுக்கு அதில் பங்கு உண்டு: கீழ் பர்மாவின் டெல்டாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார், அங்கே விளைந்த அரிசியில் பெரும்பங்கு ஆற்று வழியாகத்தான் ரங்கூன் துறைமுகம் சேர்ந்தது. உச்சத்தில் ஐராவதி ஃபுளோட்டில்லா கம்பெனியிடம் 600-க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கம்பெனியே பல படகுகளை ஆற்றில் மூழ்கடித்தது. நகரத்தார் பலர் அந்த ஆண்டு தப்பி இந்தியா திரும்பினார்கள்.

இப்போது ஆற்றுச் சொகுசுப் பயணத்தில் நீராவி அபூர்வம். நியூ ஆர்லியன்ஸில் ஓடும் ‘நாச்செஸ்’ படகுக்கு வயது ஏறத்தாழ ஐம்பதுதான். அதன் நீராவி எஞ்சின்களோ 1925-ஐச் சேர்ந்தவை. 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் புறப்பட்ட ‘கங்கா விலாஸ்’ டீசலில் ஓடுவது. வங்கதேசம் வழியாகத் திப்ருகர் வரை 3,200 கிலோமீட்டர், 51 நாள், 18 அறைகள், 36 பயணிகள். நீளம் 62 மீட்டர், அகலம் 12 மீட்டர், முங்கும் ஆழம் 1.4 மீட்டர். பெட்டி வடிவம் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் அது விலக்கும் நீர் சுமார் 1,040 டன்னைத் தாண்டாது. பாரத்தை அகலத்தில் பரப்பும் அதே பழைய உத்திதான் இங்கேயும்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ 75 பேரை ஏற்றும் சூரிய மின்படகு. பாய்லரும் இல்லை, டீசல் தொட்டியும் இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் பேட்டரிதான் பாரம். வேம்பநாட்டுக் காயலில் ஆண்டு முழுக்க நீர் நிற்பதால் அதற்கு வழி தேட வேண்டியதில்லை. பாலாற்றின் 142 கிலோமீட்டருக்கு முதலில் வேண்டியது எஞ்சின் அல்ல, தண்ணீர்.